ஒரு சாவுக்கு மூன்று ரூபாய்

கானாடுகாத்தானில் நான் வேலை பார்க்கும் ஓட்டலின்
வரவேற்பு மேசைக்குப் பின்னால்
கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய சுவரொட்டி.
வாளை ஓங்கிய நாயகன், ரோஜா நிறத்தில்.
ராணி, அதைவிட ரோஜா நிறத்தில்.
கீழ் ஓரத்தில், எழுத்துக்கு அடியில்,
யாருடையதோ ஒரு முழங்கை.

அந்த முழங்கையை எனக்குத் தெரியும்.
தழும்பு கருக்கரிவாள் பட்டது,
போர்வாள் அல்ல.

அப்பா பெயர் வெள்ளையன்.
ஒப்பனைக்காரர் ராகவலு பெயரைக் கேட்டுச்
சிரித்த சிரிப்பில் பஞ்சு கீழே விழுந்ததாம்.
கரி டப்பாவை மூடி வைத்தார்.
"உனக்கு எதுக்குய்யா, மிச்சம்."
மதராசிலிருந்து ரயிலேறி வந்த கொள்ளைக்காரர்கள்
வரிசையில் நின்று கறுப்புப் பூசிக்கொண்டார்கள்.
அப்பா முகம் கழுவிவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு சாவுக்கு மூன்று ரூபாய்.
மாடிப்படியில் உருண்டது, மூன்று.
தேக்குத் தூணில் அம்போடு சரிந்தது, மூன்று.
கடல் சண்டைக்குக் கடல் இல்லை.
ஊருணியில் பலகை கட்டி
பாய்மரத்துக்குக் கல்யாணப் பந்தல் துணி.
அதன் உச்சியிலிருந்து விழுந்ததற்கு
எட்டணா சேர்த்துக் கொடுத்தார்கள்,
தண்ணீர் முழங்கால் ஆழம்தான் என்பதால்.

ஒரே படத்தில் ஏழு முறை செத்தவர்.
வசனம் ஒன்று: "ஆ."

பிறகுதான் ராணி.
நிஜ ராணிக்கு முதல் நாளே மணிக்கட்டு சுளுக்கிவிட்டது.
பொம்பளையில் கம்பு சுத்தத் தெரிந்தவள் உண்டா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
எங்கள் தெருவில் மூன்று பேர் இருந்தார்கள்.
பூச்சி அத்தை அதில் ஒருத்தி.
அவளைக் கூட்டத்தில் கைதட்ட உட்காரவைத்திருந்தார்கள்.

அப்பாவின் மீசையை எடுத்தார்கள்.
இரண்டு மணி நேரம் பவுடர்:
கழுத்து, காது மடல், விரல் இடுக்கு.
அதுவரை அந்த வீட்டுக்கு அவர் போனதெல்லாம்
விறகோடு, பின்வாசல் வரைக்கும்.
கொள்ளைக்காரனாக ஜன்னல் வழியே குதித்திருக்கிறார்.
முகப்பு வழியாக நடந்தது ராணியாகத்தான்.
பட்டாலையில் இருந்த ஆச்சி
எழுந்து ஒதுங்கி வழிவிட்டாராம்.

மறுநாள் தரை முழுக்கக் கழுவினார்கள்.
சாயரத்தம் போகணுமில்ல, என்பார் அப்பா.
கொஞ்சம் பொறுத்து,
"ரத்தம் ஒரு மூலையிலதான் கிடந்துச்சு" என்பார்.

எடுத்துப் பதினெட்டு வருஷம் கழித்து
பள்ளத்தூர் கொட்டகையில் மறுபடி ஓட்டினார்கள்.
எனக்கு ஐந்து வயது. தரை டிக்கெட். தெருவே வந்திருந்தது.
பெயர்கள் ஓடின.
'மற்றும் பலர்' என்று வந்ததும்
அப்பா என் தொடையில் தட்டினார்: "நாந்தான்."

நாயகன் வந்தான். மரியாதைக்கு ஒரு விசில்.
அப்பா செத்தார். கொட்டகை அதிர்ந்தது.
அவர் மறுபடி செத்தார்,
யாரோ சோடா பாட்டிலை உடைத்தார்கள்.

ஏழாவது சாவு ராணி கையால்.
வளவின் நடுவே சுழன்று வந்து
கொள்ளைக்காரன் விலாவில் வாளை இறக்கினாள்.
அவள் முதுகு அப்பா.
அவன் முகம் அப்பா.
வெட்டி ஒட்டிய இடத்தில்
ஒரு தும்மல் அளவு இருட்டு.
விசில் இல்லை. எல்லோரும் எதையோ யோசித்தார்கள்.
பூச்சி அத்தை மட்டும் எழுந்து கத்தினாள்:
"எடது காலப் பாருங்கடா, தப்பா வச்சிருக்கான்!"

ஒரு வாரம் தெருவில் வாள்சண்டை.
எல்லோருக்கும் வெள்ளையனாகச் சாகவேண்டும்.
நாயகனாக ஆள் கிடைக்காமல்
ஓர் ஆட்டுக்குட்டிக்குத் துண்டு கட்டிவிட்டோம்.
அது எங்களைக் கொன்றது, தழையும் தின்றது.
ராணி நான்.
இடது காலை அத்தை சொன்ன இடத்தில் வைத்தேன்.

போன மாதம் பினாங்கிலிருந்து ஒரு குடும்பம்.
அப்பாக்காரர் கையெழுத்துப் போடும்வரை
அந்தச் சிறுமி சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
என் நிறம்தான், ஒரு சாயல் கூட.
"அது யாரு கை?"

சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.
பிறகு நிமிர்ந்து, "ராணியோடது" என்றேன்.

அவள் ராணியின் கைகளை எண்ணினாள்.
மூன்று வந்தது.
மறுபடியும் எண்ணினாள்.